ஒரே பெயரில் இரண்டு வரிகள்

மாமி,

உங்கள் நோட்டில் ஐம்பத்திரண்டாம் பக்கம் மட்டும் மற்றப் பக்கங்களைவிடத் தடிமனாக இருந்தது. விரலால் புரட்டும்போதுதான் தெரிந்தது. இரண்டு தாள்களை ஓரத்தில் பசை தடவி ஒட்டி, நடுவில் எதையோ வைத்திருந்தீர்கள்.

நீங்கள் மௌத்தாகி நாற்பதாம் நாள் ஓதி முடித்த மறுநாள் உங்கள் தம்பி, என் அத்தா, அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். "ஒங்க மாமி பாதியில விட்டுட்டுப் போயிட்டாக. மிச்சத்த நீயே டைப் அடிச்சு முடி. ஒன் நிக்காஹ் அன்னைக்கு வர்றவுங்களுக்கு வீட்டுக்கு ஒரு புஸ்தகம் குடுக்கணும்" என்றார். புதுக்கோட்டையில் அச்சகத்துக்கும் சொல்லியாகிவிட்டது. நிக்காஹுக்கு ஐந்து வாரம் இருந்தது. எனக்குப் பதினெட்டு முடிந்ததும் பேசிய சம்பந்தம். என்னிடம் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டேன். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். தலை நிமிர்த்திப் பேச எனக்கு எப்போது வந்தது?

நம் குடும்ப வரலாற்றை எழுதப்போகிறேன் என்று நீங்கள் கிளம்பியபோது வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். துணைக்கு என்னைக் கூட்டிப்போனீர்கள். படிப்பை விட்டுவிட்டுச் சும்மா இருந்தவள் நான்தானே. மீமிசலில் ஒரு வீட்டில், உங்களுக்கு மச்சான் முறையானவர், தகப்பனார், பாட்டனார், அவருக்கும் மேலே என்று ஆண்களின் பெயர்களாகவே அடுக்கிக்கொண்டு போனார். நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள்.

"ஏன் மச்சான், ஒங்க வீட்டுல ஆம்பளைகளே ஆம்பளைகளப் பெத்துக்கிட்டாகளா?"

கதவுக்குப் பின்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "ஒன் வாய் இருக்கே!" என்று அவர் எழுந்து கடைத்தெருப் பக்கம் போய்விட்டார். அதன்பிறகு அந்தப் பெண்களே வந்து உட்கார்ந்தார்கள். பிறந்தது, தங்கியது, தங்காதது எல்லாம் சொன்னார்கள். ஒருத்தி எட்டு நாள் இருந்த பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டு, "இதையெல்லாமா எழுதுவீக?" என்றாள். "எட்டு நாள் இருந்தாலும் அது ஒரு ஆளு" என்றீர்கள். அறந்தாங்கி பஸ்ஸில் திரும்பி வரும்போது நீங்கள் என் தோளில் சாய்ந்து தூங்கினீர்கள். நான் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு வந்தேன். அந்த நோட்டிலேயே என்னை வைத்திருக்கிறீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பசையைப் பிளேடால் கீறிப் பிரித்தேன். முதலில் கண்ணில் பட்டது என் பெயர். அதற்குப் பக்கத்தில் 'மௌத்' என்று இருந்தது. உயிர் இருக்கிறதா என்று நெஞ்சில் கைவைத்துப் பார்த்தேன், மாமி. சிரிக்காதீர்கள், உண்மையாகவே பார்த்தேன்.

பிறகு மெதுவாகப் படித்தேன். 'ரஹ்மத் பீவி, தம்பியின் மூத்த மகள், பத்து மாதத்தில் காய்ச்சலில் மௌத்.' அடுத்த வரி: 'ரஹ்மத் பீவி, தம்பியின் இளைய மகள், மூத்தவளைவிட ஒரு வருடம் ஒன்பது மாதம் சின்னவள்.' தாள்களுக்கு நடுவில் ஒரு பிறப்புச் சான்றிதழ். அத்தா பெயர், அம்மா பெயர் எல்லாம் சரியாக இருந்தன. குழந்தையின் பெயர் இருக்கவேண்டிய இடம் காலி.

அம்மா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நோட்டைப் பார்த்ததும் கையைக்கூடத் துடைக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒங்க அத்தா அப்ப சவுதியில இருந்தாக. அவுக அம்மா பேரு வீட்டுல நிக்கணும்னு ஒனக்கும் அதே பேர வச்சோம். ஒன் சர்ட்டிபிகேட்டுல பேரு போடாமக் குடுத்தாக, அப்புறம் போட்டுக்கலாம்னு விட்டாச்சு. பள்ளிக்கூடத்துல சேக்கப் போனா, பேரு இருக்கதக் கொண்டாங்கன்னாக. பேரு இருந்தது அவளோடதுல."

"அப்ப நான் ரொம்பச் சின்னப் பிள்ளையா இருந்திருப்பேனேம்மா?"

"ஒத்தையில கெடந்தேன், ஒன்னையப் பாத்துக்க ஆளில்ல, அதான் முன்னாடியே கொண்டுபோனேன். தாளுல வயசு இருந்துச்சு, சேத்துக்கிட்டாக."

"இப்ப எனக்கு என்ன வயசு?"

"பதினாறு முடிஞ்சு மூணு மாசம்."

ஒன்றாம் வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்தால் என் கால் தரையில் எட்டாது. பலகையில் தலைவைத்துத் தூங்கிவிடுவேன். 'தூங்குமூஞ்சி' என்ற பெயர் பத்தாம் வகுப்புவரை வந்தது. எது கேட்டாலும் மற்றவர்கள் முந்திக்கொள்வார்கள். கணக்கில் பெயில் ஆனதும், "இவ மண்டையில ஏறாது" என்று அத்தா நிறுத்திவிட்டார். நானும் அதை நம்பினேன். மாமி, என்னைவிட இரண்டு வயது பெரிய பிள்ளைகளோடு பத்து வருடம் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அதுதான் எனக்கு ஆறவில்லை. ஊரார் வீட்டிலெல்லாம் தோண்டித் தோண்டிக் கேட்டீர்கள். நம் வீட்டுப் பக்கத்தை மட்டும் ஏன் ஒட்டினீர்கள்? அம்மாவிடம் கேட்டேன். "நாந்தான் கையப் புடிச்சு எழுதாதீக மதினின்னு அழுதேன். எழுதாம இருக்க மாட்டேன், வேணா ஒட்டி வைக்கிறேன்னாக" என்றாள். நீங்கள் இருந்திருந்தால் உங்களோடு ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன்.

அத்தாவிடம் நோட்டைக் காட்டியபோது அவருக்குக் கோபம்கூட வரவில்லை. "சர்ட்டிபிகேட்டு என்ன சொல்லுதோ அதான் வயசு. ஆதாரு, ரேஷன் கார்டு எல்லாத்துலயும் அதான் இருக்கு. மூத்தவ வரிய எடுத்துட்டு அடி" என்றார். எடுத்தும் பார்த்தேன். ஒரு வரி போனதும் கீழே இருந்தவை மேலே ஏறிக்கொண்டன. அவள் இருந்த இடமே தெரியவில்லை. பத்து மாதம் இருந்தவளின் பெயரையும் வயதையும் நான் எடுத்துக்கொண்டு, அவளுக்கு ஒரு வரிகூட விடாமல் போவதா? அந்த வரியைத் திரும்ப அடித்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஜமாஅத் செயலாளர் நிக்காஹ் பதிவேட்டுக்கு விவரம் எழுத வந்தார். "புள்ளையோட வயசு சர்ட்டிபிகேட்டு வேணும்" என்றார். "ரஹ்மத்து, எடுத்தா" என்று அத்தா முன்னறையிலிருந்து கூப்பிட்டார். ஆண்கள் உட்கார்ந்திருக்கும்போது நான் அந்த அறைக்குப் போனதே இல்லை. அம்மா என்னைப் பார்த்தாள். திரைச்சீலையை ஒதுக்கிப் பிடித்தாள்.

"அட, புள்ளையே கொண்டாந்துருச்சே! வா தாயி" என்றார் செயலாளர்.

இரண்டு சான்றிதழ்களையும் அவர் கையில் கொடுத்தேன். "இது எங்க அக்காவோடதுங்க. இதுதான் என்னோடது" என்றேன்.