உட்காருங்க மாமா

ஜூன் 12, புதன்

கணுக்கால் கட்டை இன்று பிரித்தார்கள். எலும்பில் ஒன்றுமில்லை, சுளுக்குதான், இனிமேல் நன்றாக நடக்கலாம் என்றார் டாக்டர். குளியலறையில் விழுந்ததிலிருந்து கீழே ஹாலில் கட்டில் போட்டுக் கிடக்கிறேன். நாளைக்கே மாடிக்கு, என் அறைக்குப் போய்விடலாம் என்று ஆட்டோவில் வரும்போதே மனம் துள்ளியது.

வாசலில் மருமகள் சுருதி பிளாஸ்டிக் நாற்காலியோடு நின்றாள். "உட்காருங்க மாமா. செருப்ப நான் கழட்டறேன்."

மாடி என்று ஆரம்பித்தேன். "இன்னும் ஒரு மாசம் போகட்டுமே மாமா."

அவளுடைய அப்பா இப்படித்தான் வழுக்கி விழுந்து, இடுப்பு முறிந்து, படுக்கையிலேயே போனவர். அவள் முகத்தைப் பார்த்து எப்படி மறுப்பது? ஒரு மாதம்தானே.

ஜூன் 30, ஞாயிறு

தண்ணீர் எடுக்க எழுந்தேன் — சுருதி சொம்போடு வந்துவிட்டாள். பால் வாசலுக்கே வருகிறது. சவரக் கண்ணாடி கட்டிலுக்கு வருகிறது.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது எங்கள் சமண வீட்டு வழக்கம். சாப்பிட்டதும் கிரிவலப் பாதையில் இருட்டும்வரை நடப்பேன். மற்றவர்களுக்கு அது மலையைச் சுற்றும் புண்ணியம், எனக்கு ஜீரணம். இப்போது சாப்பிட்ட இடத்திலேயே சாய்ந்துகொள்கிறேன்.

இன்று ஒன்று தோன்றியது. வகுப்பில் தப்பாகச் சொன்னவனை நிற்க வைப்போம். சரியாகச் சொன்னவனை உட்காரச் சொல்வோம். நிற்பது தண்டனை, உட்காருவது பாராட்டு. கல்யாண வீட்டைப் பாருங்கள்: பெரியவர் வந்தால் முதலில் நாற்காலிதான். இந்த வீட்டில் என்னை ரொம்ப மதிக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

ஜூலை 20, சனி

மகாவீர் பேசினான். சென்னைக் கம்பெனி வேலையை என் மகன் வீட்டிலிருந்தே பார்க்கிறான். நாற்காலியை விட்டுச் சாப்பிட மட்டும் எழுவான். சர்க்கரை 'பார்டர்'னு ரிப்போர்ட் வந்திருக்கிறது. நாற்பத்து மூன்று வயது.

"மாடி சும்மா பூட்டிக் கெடக்குதுப்பா. ஆசிரமத்துக்கு வர்றவங்க நவம்பர்ல ரூம் கேட்டு அலைவாங்க. அதுக்குள்ள நீங்க ஏறிட்டீங்கன்னா அது உங்க ரூம். நான் தொடவே மாட்டேன். இல்லன்னா... குடுத்துடலாமா?"

நியாயமாகத்தான் கேட்டான். நவம்பருக்குள் ஏறிவிடுவேன் என்றேன். ஏன் என் குரல் அப்படிக் கீழே போயிற்று?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பலராமன் வந்தான். நான் கணக்கு வாத்தியாராக இருந்த பள்ளியில் டிரில் மாஸ்டர், என் வயதுதான். "இன்னாய்யா கணக்கு, முட்டை போட்டு அடைகாக்கறியா?" என்று கையைப் பிடித்துக் கிளப்பிவிட்டான். சுருதி துணி காயப்போடப் போயிருந்த நேரம்.

செங்கம் சாலைவரை போவதாகத் திட்டம். தெருமுனை மருந்துக்கடையில் என் பழைய மாணவன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "சார், நிக்காதீங்க சார்." உட்கார்ந்தேன். டெய்லர் கடையில் ஒரு நாற்காலி. உட்கார்ந்தேன். டீக்கடையில், பெஞ்சில் இருந்த இரண்டு பேர் எனக்காக எழுந்தே போய்விட்டார்கள்.

அதற்குள் தொடை நடுங்கியது. வலி இல்லை. கால் வேறு யாருடையதோ போல இருந்தது.

"இந்த ஊர்ல எல்லாம் நல்லவனுங்கய்யா" என்றான் பலராமன். "எல்லாரும் சேந்து ஒன்ன மரியாதையாவே கொன்னுடுவானுங்க."

யாரோ போன் செய்துவிட்டார்கள். சுருதி ஸ்கூட்டியில் வந்தாள், ஈரக் கையோடு. என்னைத் திட்டவில்லை. பலராமனைப் பார்த்து, "எங்கப்பாவும் நடக்கறேன்னுதான் போனாருங்க" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

பலராமன் வரவில்லை. வேட்டி கட்டும்போது பார்க்கிறேன், தொடை மெலிந்து கை மாதிரி ஆகிவிட்டது.

அக்டோபர் 6, ஞாயிறு

எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

சுருதி மார்க்கெட்டுக்குப் போனதும் மாடிப்படியில் ஏறினேன். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து. படி பாதியில் திரும்பும் இடம்வரை வந்தேன். மூச்சுக்காகக் கொஞ்சம் உட்கார்ந்தேன். அங்கேதான் தப்பு. எழ முடியவில்லை. கையை ஊன்றினால் கை நழுவுகிறது.

மகாவீரைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் காதில் ஹெட்போன். பேத்தி பூஜாதான் வந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள், பள்ளி முடிந்தால் ஆன்லைன் கோச்சிங், லீவு நாளில் முழுநாளும். அந்தப் பத்துப் படி ஏறுவதற்குள் குழந்தைக்கு இரைத்தது. "இருங்க தாத்தா... மூச்சு வாங்குது" என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் முட்டி வலிக்குது தாத்தா. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. ஸ்கேன் அது இதுன்னுவாங்க."

பதினாலு வயசு. என்ன சொல்வேன் நான்?

பிறகு மகாவீர் வந்தான். என் அக்குளில் கை கொடுத்துக் குனிந்தவன், "ஐயோ" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான். இரண்டு படி கீழே அவனும் உட்கார்ந்தான். மூன்று தலைமுறையும் படியில். பூஜாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. நாங்களும் சிரித்தோம். அப்புறம் சிரிப்பு நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் மணி வந்து என்னைக் குழந்தை மாதிரி தூக்கி இறக்கினார்.

அக்டோபர் 7, திங்கள்

எல்லோரும் அவரவர் நாற்காலிக்குத் திரும்பிவிட்டோம்.

நவம்பர் 3, ஞாயிறு

"குடுத்துடுப்பா" என்றேன். மகாவீர் ஹெட்போனைக் கழற்றினான். "கஷ்டமா இருக்காப்பா?" என்று கேட்டான். இல்லையே என்றேன். என் புத்தகங்கள் அட்டைப்பெட்டியில் இறங்கி வந்தன.

நவம்பர் 24, ஞாயிறு

மாடிக்கு ஆள் வந்தாயிற்று. வெளிநாட்டவர் இல்லை, ஆந்திராவிலிருந்து ஒரு அம்மா, தனியாக. எழுபத்தெட்டு வயதாம் — எனக்கு ஏழு வயது மூத்தவர். ஆசிரமத்தில் தியானத்துக்கு வந்திருக்கிறார். சுருதி நாற்காலி போட்டாள். "ஒத்தம்மா, வேணாம், நின்னே வந்தேன், நின்னே போறேன்" என்று பையோடு படியேறினார். அந்தப் படி எல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

தீபத்துக்கு ஊர் நிரம்ப ஆரம்பித்துவிட்டது. தெருவில் ஓயாமல் காலடிச் சத்தம்.

காலையிலிருந்து மாடியில் மட்டும் சத்தமே இல்லை. அந்த அம்மா எங்கே என்று கேட்டேன். "கண்ண மூடி உக்காந்திருக்காங்க மாமா, அசையவே இல்ல" என்றாள் சுருதி. மேலே அவரும் உட்கார்ந்திருக்கிறார், கீழே நானும். கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

சாயங்காலம் நாற்காலி நகரும் ஓசை. அவர் எழுந்துவிட்டார். ஜன்னல்வரை நடந்தார். திரும்பினார். மறுபடி ஜன்னல்வரை. பிறகு படியில் இறங்கி, கேட்டைச் சாத்திக்கொண்டு போனார்.

குளிர ஆரம்பித்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, சுவிட்ச் என் தலைக்கு நேர் மேலே, சுவரில்தான் இருக்கிறது. எழுந்து நின்றால் எட்டிவிடும்.

"சுருதி" என்று கூப்பிட்டேன். சமையலறையிலிருந்து வந்து அணைத்துவிட்டுப் போனாள்.