புளிக் கொட்டகையில் கறுப்புக் கண்ணாடி

8-6-1981, திங்கள்

வானம் மூட்டமாகவே இருந்தது, பெய்யவில்லை. கொட்டகையில் மீதிப் புளி இன்னும் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. ஓடு தட்டி, நார் இழுத்து, கொட்டை எடுத்து, மூட்டை கட்டி முடிக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் புளி கறுத்துவிடும். வேலைக்கு வரும் பெண்களை அவசரப்படுத்தினால், "நாங்க இன்னா மேகத்த முடிஞ்சி வெச்சிக்கினா கீறோம்" என்கிறார்கள்.

செல்லியின் கூடையைத் திருப்பிக் கொடுத்தேன். "நாரு கீது, மறுபடியும் எடு" என்று நான் சொன்னதும் கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் என் குரலிலேயே அதைத் திருப்பிச் சொன்னார்கள். மேஸ்திரி என்றால் இவர்களுக்கு அவ்வளவு மரியாதை.

பச்சையம்மா நாளெல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். புளிக்கையோடு கண்ணைத் தொட்டிருப்பாள் என்று திட்டினேன்.

9-6-1981

பச்சையம்மாவின் இரண்டு கண்ணும் கோவைப்பழம். இமை ஒட்டிக்கொண்டு, கணவன் வெந்நீர் வைத்துத் திறந்துவிட்டானாம். அப்படியும் வேலைக்கு வந்துவிட்டாள். செங்கத்திலிருந்து லாரி ஓட்டிவந்த டிரைவர் சேட்டு அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்டியரிங்கோடு பேசினான்: "மெட்ராஸ் ஐ-ங்க அது. கண்ணுக்கு நேராப் பாத்தா ஒட்டிக்கும். கீழ ஊரு பூரா இதான்."

ரேடியோவிலும் சொன்னார்கள். மெட்ராஸ், பம்பாய், கடல் தாண்டிய தேசங்கள் என்று உலகமே கண் சிவந்து கிடக்கிறதாம். மெட்ராஸை நான் இதுவரை பார்த்ததில்லை. அது என்னைப் பார்க்க இவ்வளவு தூரம் மலை ஏறி வந்திருக்கிறது.

10-6-1981

இன்னும் நாலைந்து பேருக்கு. யார் முகத்தையும் யாரும் பார்ப்பதில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டே கொட்டை தட்டுகிறார்கள். கண் நோயைவிட நசுங்கிய கட்டைவிரல்தான் அதிகம்.

11-6-1981

முதலாளி தாண்டவராயன் வந்தார். கொட்டகைக்குள் வரவில்லை, வாசலில் நின்று கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு பேசினார்.

"இன்னா ராணியம்மா, ஆஸ்பத்திரி நடத்துறியா? மூடிடு. மீதி லோட செங்கத்துக்கு எறக்கிக்கிறேன். அங்க நம்ம கொட்டாயில ஆளு இருக்குது."

கீழே இறங்கிய புளி மறுவருஷம் மேலே ஏறாது. இந்தக் கொட்டகை வருவதற்கு முன் இந்தப் பெண்கள் கரும்பு வெட்டக் கீழே போய், கைப்பிள்ளையை வரப்பில் கிடத்திவிட்டு நின்றவர்கள். இந்த நாலு வருஷமாகத்தான் பொழுது சாய்ந்தால் அவரவர் வீட்டு அடுப்பு.

நான்? கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் அறைதான் என் வீடு. குடித்துவிட்டு அடித்தவனை விட்டு வந்தவளுக்கு, இது போனால் ஒடுகத்தூரில் அண்ணன் வீடு. அண்ணி ஒரு வாய் காப்பி கொடுத்தால் ஒன்பது வீட்டுக்குச் சொல்லுவாள். அந்தக் காப்பியைக் குடிப்பதைவிடக் கரும்பு வெட்டலாம்.

பயத்தில் வாய் தானாகப் பேசியது. "பாத்தாத்தானங்க ஒட்டிக்குது? கண்ண மறைச்சிட்டா? கூலிங் கிளாஸ் வாங்கிக் குடுங்க. வேலையும் நிக்காது, நோவும் பரவாது."

முதலாளி யோசித்தார். மூடுவதைவிடக் கண்ணாடி மலிவு என்று கணக்குப் போட்டிருப்பார். "பரவால்லியே, உனக்கும் மூளை கீது" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

13-6-1981, சனி

திருப்பத்தூர் கடையிலிருந்து ஒரு டஜன் கறுப்புக் கண்ணாடி வந்தது. பிளாஸ்டிக். சட்டம் போட்டேன்: கண் சிவந்தவள் கட்டாயம் போட வேண்டும். மிச்சமிருப்பதை நல்ல கண்ணுக்காரர்கள் முறை வைத்துப் போடலாம், பாதுகாப்புக்கு. சாயங்காலம் முந்தானையில் துடைத்துத் தகர டப்பாவில் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

கொட்டகை இன்று சினிமாக் கம்பெனி மாதிரி இருந்தது. வரிசையாக நட்சத்திரங்கள், கையில் சுத்தி, காலடியில் புளி. இருட்டில் கொட்டை எது, விரல் எது என்று தெரியாமல் ஒருத்தி அலற, மற்றவர்கள் சிரிக்க... ஆனால் ஒருத்திகூட வீட்டுக்குப் போகவில்லை. என் யோசனை. ராத்திரி ஒரு முட்டை கூடுதலாகப் பொரித்துத் தின்றேன்.

15-6-1981

நர்சு மங்கம்மாள் வந்தாள். கண்ணாடிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் சிரித்தாள். "பாத்தாலாம் வராதுங்க. தொட்டாத்தான் வரும். துண்டு, கை, தலகாணி, ஒருத்தர் பொருள இன்னொருத்தர் தொடறதுதான்." கண்ணுக்குப் போடக் களிம்பு கொடுத்துவிட்டுப் போனாள்.

ஊரே பார்த்தால் வரும் என்கிறது, இவள் மட்டும் வராது என்கிறாள். சின்னப் பெண், போகட்டும்.

16-6-1981

தாய்ப்பால் விட்டால் தெளியும் என்று யாரோ கிளப்பிவிட, போன மாதம் பிள்ளை பெற்றவள் வீட்டு வாசலில் வரிசை. "அப்பறம் எம்புள்ள இன்னா கஞ்சியா குடிக்கும்?" என்று கதவைச் சாத்திக்கொண்டாளாம். நியாயம்தானே.

நேற்றுவரை நன்றாக இருந்தவர்களுக்கும் சிவக்கிறது. கண்ணாடி போட்டும் ஏன்?

18-6-1981

செல்லி கண்ணாடி கேட்டாள். கண் பளிச்சென்று இருக்கிறது. "எதுக்குடி?" என்றேன். நாளைக்கு ஒடுகத்தூர் போகிறாளாம், போட்டுக்கொண்டு போனால் மரியாதை கொடுப்பார்களாம். பச்சையம்மா கழற்றி வைத்த கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். அது பச்சையம்மா போட்டது என்று அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் தொட மாட்டாள். இரண்டு பேருக்கும் ஜென்மப் பகை. பச்சையம்மாவின் ஆடு செல்லியின் சாமைக் கொல்லையை மேய்ந்ததிலிருந்து ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதில்லை. செல்லி கொட்டகையில் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவாள்.

20-6-1981

செல்லிக்குச் சிவந்துவிட்டது.

வாசலில் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள், நான் கேட்கவே இல்லை. எனக்கு வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தால்தான் வரும் என்றால் இந்தக் கொட்டகையில் கடைசியாக வர வேண்டியது செல்லிக்கு. அவள்தான் யாரையும் பார்ப்பதே இல்லையே. அவள் தொட்டது ஒன்றே ஒன்று.

அடிப்பாவி ராணி. டப்பா. அந்த டப்பா. நோயைத் துடைத்துத் துடைத்து, முறை வைத்து, நீதானேடி ஆளாளுக்கு மூக்குமேல மாட்டிவுட்ட? அதுவும் கட்டாயம்னு சட்டம் போட்டு? நர்சு சொன்னப்ப இன்னா பண்ணிக்கினு இருந்த? சின்னப் பொண்ணுன்னு எழுதிக்கினு இருந்த.

வெட்கமாக இருக்கிறது. முட்டையை வேறு பொரித்துத் தின்றேன்.

22-6-1981, திங்கள்

எல்லோரையும் வெளியே புளியமரத்தடியில் நிற்க வைத்துச் சொல்லிவிட்டேன். கண்ணாடியால்தான் வந்தது, என்னால்தான் வந்தது என்று.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பச்சையம்மா மட்டும், "நீங்க குடுத்தீங்கன்னுதான் போட்டோம்" என்றாள். சத்தமே இல்லாமல்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையை எடுத்தேன்.

"கண்ணத் தொடைக்காதீங்க மேஸ்திரியம்மா, உங்களுக்கும் வந்துடும்" என்றாள் செல்லி. அதற்குச் சிரித்தார்கள்.

பிறகு பச்சையம்மாதான் சொன்னாள், "வூட்டுக்கே குடுத்தனுப்புங்களேன். கல்லும் சுத்தியும் இல்லாத வூடு எது?" இந்த யோசனை ஏன் எனக்கு முதலில் வரவில்லை? மேஸ்திரி மூளை கொட்டகைக்குள்ளேயே சுற்றும்போல.

இன்றிலிருந்து: கண் சிவந்தவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு. நல்ல கண்ணுக்காரர்கள் மரத்தடியில் தள்ளித் தள்ளி. அவரவர் துண்டு, அவரவர் சொம்பு. வரும்போதும் போகும்போதும் நுரைக்கும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கை கழுவ வேண்டும். நர்சிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதனால இன்னாங்க, எங்க ஆத்தாவும் நம்ப மாட்டேங்குது" என்றாள்.

24-6-1981

முதலாளி வந்தார், கொட்டகை காலியாக இருப்பதைப் பார்த்தார், கத்தினார். மூட்டைகள் வீடு வீடாகப் போயிருக்கின்றன என்றதும் இன்னும் கத்தினார்.

"வூட்டுக்குப் போன புளி பாதி கொழம்புக்குப் போயிடும்."

"இந்த மலையில ஆளாளுக்குப் புளியமரம் கீதுங்க. உங்க புளியத் தின்னணும்னு யாருக்கு வேண்டுதல்?"

மாதக் கடைசி வரை பார்ப்பாராம். குவியல் முடியாவிட்டால் மிச்சம் செங்கத்துக்கு, அடுத்த வருஷமும் செங்கத்துக்கே. சொல்லிவிட்டுக் கண்ணாடி டப்பா எங்கே என்று கேட்டார்.

"அதுதாங்க நோவு. வேவ வெச்சிப் பொதைக்கணும்" என்றேன்.

"பிளாஸ்டிக்க வேவ வெச்சா பஜ்ஜியாட்டம் ஆயிடும். காசு குடுத்து வாங்கனது. செங்கத்து ஆளுங்களுக்கு ஆவும்." ஒன்றை எடுத்து ஊதி, வேட்டியில் துடைத்து, தானே மாட்டிக்கொண்டு லாரிக் கண்ணாடியில் அழகு பார்த்தார். "எப்டி?" என்று சேட்டுவைக் கேட்டார்.

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். டப்பாவைப் பிடுங்கியிருக்கலாம். கோபத்தில் சும்மா இருந்துவிட்டேன், டப்பா லாரியோடு கீழே போனது.

27-6-1981

மழை. மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போட்டோம்.

மூட்டை வாங்கப் போனால் பச்சையம்மா வீட்டு வாசலில் செல்லி உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் கண் சிவந்துவிட்டதால் ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்கு இனி வருவதற்கு ஒன்றும் இல்லையாம். எதிரும் புதிருமாக உட்கார்ந்து கொட்டை தட்டுகிறார்கள். சமாதானம் என்று நினைத்தேன். இல்லை. ஆட்டுக்கதையை முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள், இந்த முறை முகத்தைப் பார்த்து.

30-6-1981

குவியல் முடிந்தது. தரையைப் பெருக்கினோம். மாசக் கடைசிக்குள் முடித்துவிட்டோம்.

சாயங்காலம் சேட்டு வந்தான். லாரி காலியாக வரவில்லை. செங்கத்துப் புளி.

"அங்க கொட்டாய மூடியாச்சுங்க. எல்லாருக்கும் கண்ணு. முதலாளி ஈரத்துணி போட்டுக்கினு படுத்துக்கினாரு. எல்லாத்தையும் மலைக்கே ஏத்திடு, அந்தப் பொம்பள முடிச்சிடுவான்னு சொன்னாரு."

வயிறு வலிக்கச் சிரித்தேன். முதலாளி, ஈரத்துணி, வேட்டியில் துடைத்த கண்ணாடி. பெண்களும் சிரித்தார்கள். அப்புறம் பச்சையம்மா கேட்டாள், "அப்ப அந்த ஊரு பொம்பளைங்க கஞ்சிக்கி இன்னா பண்ணுவாங்க?"

சிரிப்பு நின்றுவிட்டது. டப்பா என் கையிலிருந்துதானே போனது.

"பாதிய எறக்கு. பாதியத் திருப்பிக் கொண்டுபோய் அவங்க வூட்டு வாசல்ல எறக்கு. எப்டி செய்யணும்னு நான் சொல்லித் தர்றேன். அந்தக் கண்ணாடிங்கள மொதல்ல உடைக்கச் சொல்லு" என்றேன் சேட்டுவிடம்.

"முதலாளிக்குத் தெரிஞ்சா?"

"அவருக்குத்தான் இப்ப கண்ணே தெரியலியே" என்றாள் செல்லி.

சேட்டு ஒரு பீடியை இழுத்து முடித்தான். பிறகு பாதி மூட்டைதான் இறக்கினான். அவன் கண்ணெல்லாம் பூளையாக இருப்பதை, அவன் பீடியை அணைத்த பிறகுதான் கவனித்தேன். அதற்குள் என் சொம்பில் தண்ணீர் குடித்திருந்தான்.

3-7-1981, வெள்ளி

காலையில் கண் திறக்கவில்லை. வெந்நீர் வைத்துத் திறந்தேன். கோவைப்பழம்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறேன், கோடு கோணலாகப் போகிறது. கொட்டகையைத் திறக்க எழுந்தால் செல்லி வாசலில் நிற்கிறாள். அவளுக்குத் தெளிந்துவிட்டது. "உள்ளாறயே இருங்க. சாவியத் தூக்கிப் போடுங்க" என்றாள். போட்டேன். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் சாவியைக் கழுவிவிட்டுத்தான் எடுத்தாள். என் சட்டம்.

மூடிவிடுவார்களோ என்று ஒரு பேச்சுகூட யாரும் எடுக்கவில்லை. சேட்டு நேற்றே சொல்லி அனுப்பியிருந்தான், அடுத்த வருஷமும் இங்கேதானாம், செங்கத்தில் வீட்டுவாசல் வேலையும் நடக்கிறதாம், அது தன் யோசனை என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொல்லட்டும்.

பச்சையம்மா சாமைக்கஞ்சியும் ஒரு மூட்டைப் புளியும் கல்லும் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் சுத்திச் சத்தம், இந்தப் பக்கம் நானும் தட்டிக்கொண்டிருந்தேன். மேஸ்திரியானபின் நான் கொட்டை எடுத்ததே இல்லை. விரல் மூன்று இடத்தில் நசுங்கியது.

மத்தியானம் ஒரு கூடை முடித்து வாசலில் வைத்தேன். செல்லி எடுத்துப் போனாள். கொஞ்ச நேரத்தில் கூடை திரும்பி வந்தது.

"நாரு கீது மேஸ்திரியம்மா, மறுபடியும் எடுங்க."

எடுத்துக்கொண்டிருக்கிறேன்.