வாசித்தேன் என்று போட்ட கையெழுத்து

1975 மார்ச் 4

பள்ளிக்கூடக் கன்ரீனில் பாணுக்கு வெண்ணெய் பூசிப் பூசி வலது தோள் விட்டுப்போயிற்று. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் கணிதம் படிப்பித்தவளின் சேர்ட்டிபிக்கட் இந்த சிட்னியில் செல்லாது. ஒரு கம்பனியின் பணிப்பாளர் சபையில் இருப்பதற்கு மட்டும் எந்தச் சேர்ட்டிபிக்கட்டும் வேண்டாமாம். இது எந்த ஊர் நியாயமோ.

பின்னேரம் கீழ்வீட்டு விஜயா வந்தாள். கழுவும் அறையில் சுடுதண்ணீர் மறுபடி நின்றுவிட்டது. "அக்கா, நீங்கதான் போர்டுல இருக்கீங்களே, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன். போன மாதம் நடந்த முதல் கூட்டத்தில் நான் வாய் திறந்தது தேத்தண்ணிக்குப் பால் வேண்டாம் என்று சொல்ல மட்டும்தான். அதை அவளுக்குச் சொல்லவில்லை.

மார்ச் 18

கூட்டம். நகரத்தில் ஹார்வுட் பொதுச்சேவை, வீடமைப்புக் கம்பனியின் கந்தோர், ஏழாம் மாடி. நாலு இடத்தில் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். சுடுதண்ணீர், குப்பை, படிக்கட்டு விளக்கு எல்லாம் அவர்கள் பொறுப்பு. மேசையைச் சுற்றி ஏழு கதிரைகள். ஆறில் ஆண்கள். ஏழாவது, குடியிருப்பவர்களின் பிரதிநிதிக்கு. இந்த வருடம் உலகப் பெண்கள் வருடம் என்றபடியால் ஒரு பெண் வேண்டியிருந்தது. சேலை கட்டின பெண்ணே கிடைத்ததில் அவர்களுக்குப் பெரிய சந்தோஷம். இன்று போட்டோ பிடித்தார்கள். என்னை நடுவில் விட்டார்கள்.

போட்டோவுக்குப் பிறகுதான் விஷயம் வந்தது. தலைவர் பிரிட்சர்ட் ஒரு வரைபடத்தை விரித்தார். மெரிலேண்ட்ஸில் இருக்கிற எங்கள் தொகுதியை, இருபத்து நாலு வீடுகளையும், இடித்துவிட்டுக் கந்தோர்க் கட்டடம் கட்டுகிற யோசனை. ஆட்களுக்கு மவுண்ட் ட்ரூயிட்டில் வேறு வீடு கொடுப்பார்களாம், மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது.

வயதான ஹெனசி மட்டும், "கால் ஏலாதவர்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்டார். தலைவர் சிரித்துக்கொண்டு, இன்று முடிவு இல்லை, எல்லோரும் யோசியுங்கள் என்றார். பிறகு என்னைப் பார்த்து, இந்த அறையில் பேசுவது வெளியே போகக்கூடாது என்றார். ஆறு பேர் இருக்க என்னைப் பார்த்து.

என் வீடும் அந்த இருபத்து நாலில் ஒன்று. இது அவருக்கு ஞாபகம் இருந்ததோ தெரியாது.

மார்ச் 19

இவரிடம் மட்டும் சொன்னேன். ரயில்வே வேர்க்‌ஷொப்பிலிருந்து வந்து சப்பாத்துக் கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "முடிவெடுக்கேல்லைத்தானே. அடுத்த கூட்டத்தில எழும்பிக் கேளும். வகுப்பில நாப்பது பெடியளை அடக்கின ஆள் நீர்."

காலையில் யன்னலால் பார்த்தேன். விஜயாவின் புருஷன் பழனிசாமி தடியூன்றி ஆஸ்பத்திரிக்குப் போகிறார். போன வருடம் வார்ப்படத் தொழிற்சாலையில் இரும்பு விழுந்த கால். கீழ்வீடு என்றபடியால்தான் அந்த மனிதன் வெளியே வருகிறார். மூன்றாம் மாடி என்றால் அது அவருக்குச் சிறை. விஜயாவும் அதே ஆஸ்பத்திரியில்தான் நேர்ஸ். எட்டு நிமிட நடை.

கேட்பேன். கட்டாயம் கேட்பேன்.

ஏப்ரல் 3

கம்பனிக் காரில் சாரதி ஒரு மண்ணிறக் கடிதவுறை கொண்டுவந்தான். நின்று வாங்கிக்கொண்டு போகவேண்டுமாம். உள்ளே ஒரு தாள்: இடிக்கிற யோசனை, சட்டத் தமிழ் மாதிரிச் சட்ட ஆங்கிலத்தில். கீழே ஏழு பெயர்கள், எதிரே கோடுகள். என் பெயர்தான் முதலாவது. அதில் ஒரு சின்னப் பெருமை வந்தது, ஏன் பொய் சொல்லவேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு முதல் எல்லோரும் வாசித்திருக்கவேண்டும் என்று அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு தரம் வாசித்தேன். கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் பியோன் சுற்றுநிருபக் கொப்பியை வகுப்பு வகுப்பாகக் கொண்டுவருவான். பாடத்தை நிறுத்தி, வாசித்து, கையெழுத்து வைத்து அனுப்புவோம். அந்த ஞாபகம் வந்தது. இங்கேயும் ஒழுங்கு இருக்கிறதே என்று நினைத்தேன். இனி 15ஆம் திகதிக்குக் கேள்விகள் தயாரிக்கவேண்டும்.

ஏப்ரல் 13

மூன்று பக்கம் எழுதிவிட்டேன். கால் ஏலாதவர்கள் இரண்டு பேர், எழுபது தாண்டினவர்கள் ஐந்து பேர், பெயர் பெயராக. கட்டடம் உறுதியாக இருக்கிறது, கூரையில் ஒழுக்கு இல்லை, சுடுதண்ணீர்க் கொதிகலன் ஒன்றுதான் பழசு, அதை மாற்றினால் போதும். கண்ணாடிக்கு முன்னால் நின்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். இவர் குசினியிலிருந்து கை தட்டினார்.

ஏப்ரல் 15

முடிந்துவிட்டது. முதலே முடிந்துவிட்டது.

ஐந்தாவது விஷயம் என்று காரியதரிசி லோ வாசித்தார்: "மெரிலேண்ட்ஸ் பற்றிய தீர்மானம், ஏழு பணிப்பாளர்களும் கையெழுத்திட்டு, ஏப்ரல் 8ஆம் திகதி நிறைவேறியது. பதியப்படுகிறது." ஆறாவது விஷயத்துக்குப் போனார்கள். நான் கையை உயர்த்தினேன். எனக்குக் கேள்விகள் இருக்கின்றன என்றேன். தலைவர் ஆச்சரியப்பட்டார். "ஆனால் நீங்கள்தானே முதலில் கையெழுத்திட்டீர்கள்?"

வாசித்ததற்குத்தானே போட்டேன் என்றேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. லோவுக்கு விளங்கியது. குனிந்து பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று பக்கமும் கைப்பையிலேயே இருந்தன.

ஏப்ரல் 16

விசரி. விசரி. மூளையில்லாத விசரி. என்ன படிச்சனி? கையெழுத்து எண்டால் என்ன எண்டு தெரியாமலோ இவ்வளவு காலமும் படிப்பிச்சனி? ஒரு சொல் கேட்டிருக்கலாமே அந்தச் சாரதியிட்டை. ஒரு போன்.

வாசித்தவர்கள் கையெழுத்திடுக என்று அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. நானாகத்தான் அதைச் சேர்த்து வாசித்தேன்.

ஏப்ரல் 24

கன்ரீனுக்கு லீவு போட்டுவிட்டு லோவிடம் போனேன். மரியாதையான மனிதர், கதிரை இழுத்துத் தந்தார். விளங்கப்படுத்தினார். கூட்டம் இல்லாமல் ஒரு தீர்மானம் நிறைவேறவேண்டுமென்றால் எல்லோரும் கையெழுத்திடவேண்டும். ஒரு ஆள் இடாவிட்டாலும் அது கூட்டத்துக்கு வரும், விவாதம் நடக்கும்.

"அப்படியென்றால் நான் ஒருத்தி இடாமல் விட்டிருந்தால்?"

"கூட்டத்துக்கு வந்திருக்கும், மிஸிஸ் வரதராஜா."

ஏன் என்னிடம் முதலில் அனுப்பினீர்கள் என்று கேட்டேன். தலைவர் சொன்ன ஒழுங்கு என்றார். மேலே ஒன்றும் சொல்லவில்லை.

மே 20

கையெழுத்தைத் திரும்ப எடுக்கிறேன் என்று எழுந்து நின்று சொன்னேன். பழனிசாமியின் காலைச் சொன்னேன், ஐந்து கிழவர்களின் பெயர்களையும் சொன்னேன். பத்து நிமிடம் பேசினேன். பொறுமையாகக் கேட்டார்கள். அதுதான் பயங்கரம், அவ்வளவு பொறுமை. பிறகு தலைவர், நிறைவேறினது நிறைவேறினதுதான், ஆனால் திருமதி வரதராஜாவின் கவலையைக் குறிப்பில் சேர்ப்போம் என்றார். கவலையைச் சேர்த்தார்கள்.

லிஃப்டில் ஹெனசியும் நானும் மட்டும். அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துச் சொன்னார்: "அந்தத் தாளை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன். போடுவதில்லை என்றுதான் இருந்தேன். பிறகு மேலே உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். அங்கே குடியிருக்கிற பெண்ணே சம்மதித்துவிட்டார், மறுக்க நான் யார் என்று போட்டுவிட்டேன்."

கதவு திறந்தது. அவர் எனக்கு வழி விட்டார்.

மே 22

இவரிடமும் ஹெனசி சொன்னதைச் சொல்லவில்லை.

ஜூன் 2

நோட்டீஸ் வந்துவிட்டது. இருபத்து நாலு கதவிலும். ஓகஸ்ட் முடிவுக்குள் காலி செய்யவேண்டும். விஜயா வேலை உடுப்போடு ஓடிவந்தாள். "அக்கா, இது தப்பா வந்திருக்கு, இல்ல? நீங்க இருக்கும்போது எப்படி?"

தப்பா வரேல்லை, விஜயா. நான் இருந்தபடியால்தான் வந்தது. இதை வாயால் சொல்ல முடியவில்லை. அவளை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். நான் அழுததைப் பார்த்து அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஜூன் 8

கழுவும் அறையில் எல்லோரும் கூடினோம். இஸ்திரி மேசையில் சாய்ந்து நின்றேன். சொல்லிவிட்டேன். எனக்கும் தாள் வந்தது, வாசித்ததற்கு என்று நினைத்துக் கையெழுத்து வைத்தேன், ஏமாந்துவிட்டேன், திரும்ப எடுக்கக் கேட்டேன், விடவில்லை. அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருவர் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அட போங்கக்கா" என்றாள் விஜயா. "ஏழு பேர்ல ஆறு பேர் அவங்க ஆளு. நீங்க போடலைன்னாலும் இடிச்சிருப்பாங்க."

மாடியிலிருக்கும் மிஸிஸ் கெல்லியும் அதையே சொன்னாள். அப்படிப்பட்டவர்கள் எப்படியும் செய்வார்கள், கண்ணே, மனதில் வைக்காதே என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். பழனிசாமி தடியைச் சுவரில் சாத்திவிட்டு என்னைக் கும்பிட்டார்.

ஒரு ஆள் போடாவிட்டாலும் அந்தத் தீர்மானம் நின்றிருக்கும் என்பதைச் சொல்லவேண்டிய இடம் அதுதான். ஹெனசியைச் சொல்லவேண்டிய இடமும் அதுதான். வாய்வரை வந்தது. நான் பேசாமல் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் இவரும், "நீர் வைக்காட்டிலும் அவங்கள் செய்துதான் இருப்பாங்கள்" என்றார். ஓம் என்றேன்.

ஜூலை 15

ஹெனசி சபையிலிருந்து விலகிவிட்டார். காரணம் எழுதவில்லையாம். லோ வாசித்தார், பதியப்பட்டது.

ஓகஸ்ட் 30

மவுண்ட் ட்ரூயிட். மூன்றாம் மாடி. பழனிசாமியைக் கதிரையில் இருத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஒவ்வொரு வளைவிலும் "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்றார். தூக்குகிறவர்களைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது.

1976 மார்ச் 9

ஒரு வேலையாக மெரிலேண்ட்ஸ் பக்கம் போனேன். வீடுகள் இருந்த இடத்தில் கம்பிவேலி, உள்ளே இடுப்பளவு புல். கந்தோர்க் கட்டடத்தைக் கம்பனி தள்ளிவைத்துவிட்டது; அதுவும் என் முன்னால்தான் பதியப்பட்டது, நவம்பரில். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. டிசம்பரோடு என் காலம் முடிந்தது. நன்றிக் கடிதமும் போன வருடத்துப் போட்டோவும் அனுப்பினார்கள். போட்டோவைக் கிழித்தேன்.

செப்டெம்பர் 12

ஞாயிறு. எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த சிலோன்காரர், ஜெயரட்ணமும் மனைவியும், கதைக்க வந்தார்கள். விஜயாவும் இருந்தாள். இப்போது அவளுக்கு வேலைக்குப் போக இரண்டு பஸ், ஒரு ரயில். பழனிசாமி கீழே இறங்கி ஆறு மாதம்.

இந்தத் தொகுதிக்கும் சபையில் ஒரு ஆள் வேண்டுமாம், கம்பனி கடிதம் போட்டிருக்கிறது. யாரைப் போடலாம் என்று ஜெயரட்ணம் கேட்டார். விஜயா அவரைச் சொல்லி முடிக்கவே விடவில்லை. "வேற யாரு, எங்க அக்காதான்! அன்னைக்கு ஆறு ஆம்பளைங்க நடுவுல ஒத்த ஆளா எழுந்து நின்னு எங்களுக்காகச் சண்டை போட்டாங்க. இவங்க ஒருத்தங்க பேச்சை மட்டும் அந்தப் பாவிங்க கேட்டிருந்தா, நாங்க இன்னைக்கும் அங்கேயே இருந்திருப்போம்."

ஜெயரட்ணம் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களைப் போல ஆக்கள்தான் வேணும், அக்கா" என்றார்.

கையை இழுத்துக்கொண்டேன். கூச்சப்படுகிறேன் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பலகாரத் தட்டை விஜயாவின் பக்கம் நகர்த்திவிட்டேன்.