புஷ்பா திருத்திய லைப்ரரி

என் பிரியமான நாத்தனாரே, புஷ்பா,

நோர்வூட்டில் காலையிலிருந்து நல்ல வெயில். துணியெல்லாம் காயப் போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன் அண்ணன் எட்டிப் பார்த்து, தான் கொத்தமல்லி விதைத்திருப்பதையும் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

உன்னைத் தெரியாத வகுப்புப் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள். அதனால் ஹட்டனில் நாம் வகுப்பு தொடங்கிய கதையை முதலிலிருந்து சொல்கிறேன், நீயும் கேளு. கொழும்பில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தாய் நீ. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் தமிழிலேயே கம்ப்யூட்டர் படிக்கணும் என்று, கடைவீதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே அறை பிடித்தாய். யாரோ கழித்த பழைய கம்ப்யூட்டர்கள் லொறியில் வந்து இறங்கின. டைப்ரைட்டிங் மட்டுமே தெரிந்த என்னையும் இழுத்துக்கொண்டாய்.

தமிழ் எழுத்து ஒழுங்காக வரும் புது சிஸ்டத்தை எல்லாவற்றிலும் ஏற்றினோம். ஏற்றி முடித்தால் ஒரு புரோகிராம்கூடத் திறக்கவில்லை. 'சட்டவிரோதமான கட்டளை' என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்து நின்றது. திங்கட்கிழமை வகுப்பு. மஸ்கெலியா பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் பெயர் கொடுத்திருந்தார்கள். இதை வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது உன் அம்மா ரொட்டி மாவுக் கையோடு எழுந்து வந்தார்.

"சட்டவிரோதமா? பொலிஸ் வருமா புள்ள?"

நீ சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

மறுநாளே காரணத்தைப் பிடித்துவிட்டாய். எல்லாப் புரோகிராமுக்கும் அடியில், அவை பொதுவாக எடுத்துப் பயன்படுத்தும் வேலைக் குறிப்புகளின் தொகுப்பு ஒன்று இருக்கிறது; அதற்கு லைப்ரரி என்று பெயர். அது தொடங்கும்போதே கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசரைப் பார்த்து, அதற்கு என்னென்ன முடியும் என்று கணித்து, வேகமான வழியைத் தேர்ந்தெடுக்கும். நம் ப்ராசசர் பழையதானாலும், தன்னைப் புதிய ரகக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொல்லிக்கொண்டது. ஆனால் அந்தக் குடும்பத்தில் மற்றவற்றுக்கெல்லாம் தெரிந்த ஒரு கட்டளை, இதற்குத் தெரியாது. செய்யச் சொன்னதும் நின்றுவிட்டது.

"பாருங்க அண்ணி, லைப்ரரி எந்தக் குடும்பம்னுதான் கேக்குது. என்ன வேலை தெரியும்னு கேக்கவே இல்ல."

கொழும்பில் வேலை தேடிப் போன இடங்களில் உன்னிடமும் முதலில் எந்தத் தோட்டம் என்றுதான் கேட்டார்களாம். அன்றைக்குத்தான் அதை என்னிடம் சொன்னாய். எத்தனை வருஷம் மனதுக்குள் வைத்திருந்தாய்?

அவசரத்துக்கு, அந்த வேகமான வழியைத் தொடாதே என்று லைப்ரரிக்கு வெளியிலிருந்து சொல்லிவைத்தாய். திங்கட்கிழமை எல்லாக் கம்ப்யூட்டரும் எழுந்தன. வந்த பிள்ளைகள் தங்கள் பெயரைத் தமிழில் அடித்துவிட்டு, திரையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

உனக்கு அது போதவில்லை. லைப்ரரிக்குள்ளேயே கைவைத்தாய். குடும்பத்தைப் பார்த்து முடிவெடுக்கும் இடத்தில், அந்தக் கட்டளை தெரியுமா என்று ப்ராசசரிடமே கேட்கும்படி மாற்றினாய். மாற்றிய லைப்ரரியைக் கம்ப்யூட்டர் மறுபடி கட்டியெடுக்க ஒரு பகல் முழுக்கப் பிடிக்கும். மழை வந்தால் பாதியில் கரண்ட் போகும். நீ ஜன்னலில் நின்று மேகத்தைத் திட்டுவாய்.

அந்த லைப்ரரியைப் பராமரிக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்குத் திருத்தத்தை அனுப்பினாய். இன்னோர் இடத்திலும் மாற்றணும் என்று திருப்பினார்கள். மாற்றி அனுப்பினாய். ஏற்றுக்கொண்டோம், நன்றி புஷ்பா என்று பதில் வந்தது. நீ உடனே இறங்கிப் போய், துணிக்கடை முதலாளிக்கும் சேர்த்து பேக்கரியில் மீன் பணிஸ் வாங்கி வந்தாய். அவருக்குச் சிங்களத்தில் நீ விளக்க, நம்ம ஹட்டனிலா செய்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அன்று சேலை எடுக்க வந்தவர்களுக்கெல்லாம் அவர்தான் செய்தி சொன்னார்.

திடீரென வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷமாகிறது. வகுப்பை மூடுவேன் என்று நினைத்தாயா? பக்கத்து அறையையும் எடுத்துவிட்டோம். முதல் திங்கட்கிழமை வந்த கல்யாணி இப்போது கினிகத்தேனையில் தனியாக வகுப்பு நடத்துகிறாள். அவளுக்குப் பெண் குழந்தை. பெயர் என்ன வைத்திருப்பாள் என்று நீயே சொல்லு.

இன்னொன்று. போன மாதம் வந்த கம்ப்யூட்டர்களில் லைப்ரரி ஏனோ மெதுவான வழியிலேயே போகிறது. ப்ராசசருக்கு வேகமானது தெரியும்; நீ தொடாத வேறோர் இடத்தில் அதை யாரும் கேட்கவில்லை. எந்த வரியில் தவறு என்று நானே கண்டுபிடித்துவிட்டேன், புஷ்பா. டைப்ரைட்டிங் படித்த உன் அண்ணிதான்!

அடுத்த வாரம் என் முதல் திருத்தத்தை அனுப்புகிறேன். அவர்கள் ஏற்கும்வரை விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

என்றும் உன் அண்ணி,
கோகிலா