ஏறாத வண்டி

பெங்களூரு
12.6.2024

அன்புள்ள அம்மாவுக்கு ஜெனி எழுதுவது.

போனில் உங்கள் குரலைக் கேட்டால் என் கோபம் போய்விடும். அதனால்தான் கடிதம்.

நேற்று எலும்பு டாக்டரைப் பார்த்தோம். கோணிப்போன கால் கட்டைவிரல் எலும்பை வெட்டி, நேராக்கி, ஸ்க்ரூ வைப்பார்களாம். ஆறு வாரம் குதிகாலை ஊன்றித்தான் நடக்க வேண்டும். "அடிபட்டதா?" என்று கேட்டார். "சின்ன வயசுல மீன்பாடி வண்டி ஏறிடுச்சு" என்று உங்கள் மருமகன் முந்திக்கொண்டு சொன்னார். டாக்டர் என் இரண்டு பாதங்களையும் பார்த்தார். "ரெண்டு கால்லயும் ஒரே மாதிரியா ஏறுச்சு? இது பரம்பரையா வர்றது. அம்மாவுக்கு இருக்கா?" என்றார். எனக்கு மானம் போய்விட்டது.

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உங்கள் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு, நம் கடைக்கு மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் மூட்டை ஏற்றி வரும் ரஷீது பாய்மேல் பழி போட்டீர்கள். வாசலில் நின்ற அவரும் "ஆமா சார், எம் மேலதான் தப்பு" என்றார். நானும் வாய் திறக்கவில்லை.

அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஆபரேஷனுக்குத் துணைக்கு வாருங்கள். இல்லையென்றால் வர வேண்டாம்.

ஜெனி


தண்டையார்பேட்டை
20.6.2024

பிரியமுள்ள ஜெனிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வெயில்தான் குறையவில்லை. பரம்பரை என்று தெரிந்திருந்தால் அந்தச் சம்பந்தம் தட்டிப்போயிருக்கும், மகளே. எட்டு வருஷம் ஆகிவிட்டது. ரஷீது மறந்தே போயிருப்பார். பக்ரீத்துக்குப் பிரியாணிகூட அனுப்பினார். மனதில் வைத்திருந்தால் அனுப்புவாரா? டிக்கெட் எடுக்கட்டுமா?

உன் அம்மா தேவகிருபை


பெங்களூரு
26.6.2024

அம்மா,

எடுக்க வேண்டாம்.

ஜெனி


தண்டையார்பேட்டை
3.7.2024

ஜெனிக்கு,

நேற்று டோல்கேட் பக்கம் ரஷீது வீட்டுக்குப் போனேன். எப்படியோ மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "அத்த வுடுக்கா, பொண்ணு கல்யாணம் நடந்துச்சில்ல" என்று சிரித்தார். டீ வாங்கிவரச் சொன்னார். பிறகு அவரே ஆரம்பித்தார்.

"எம் பொண்ணு நவ்ரீனு கேட்டுச்சுக்கா, 'அத்தா, நீ நெஜமாவே ஏத்துனியா'ன்னு. உம் பேரு கெட்டுடக் கூடாதேன்னு ஆமான்னுட்டேன். அதுக்குப் பொறந்த புள்ளைக்கு இப்போ ஏழு வயசு. ஒரு நாளும் என் வண்டில குந்த வெக்க வுட்டதில்ல."

அவர் முன்னால் அழக்கூட வெட்கமாக இருந்தது.

நவ்ரீன் மீஞ்சூரில் இருக்கிறாள். நாளைக் காலை போகிறேன். அவள் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லாமல், நீயே கூப்பிட்டாலும் உன்னிடம் வர எனக்கு முகமில்லை.

தேவகிருபை