மலாகாவில் நீ இறங்கிய கடல்

என் செல்லத் தம்பி ஆல்பர்ட்,

நாலு வருஷமாக உனக்கு எழுத உட்காருவதும், ஒரு வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடுவதுமாக இருந்தேன். இப்போது எழுத வருகிறது. இந்த அக்டோபரில் உன் ஊருக்குப் போய்வந்தேன். உன் ஊர் என்றுதான் வாயில் வருகிறது. நீ அங்கே ஆறு மாதம்கூட முழுசாக இருக்கவில்லை. ஆனாலும் நீ கடைசியாக இருந்த ஊர் அதுதானே?

உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே. இதை நம் கோயில் மாத இதழில் போடக் கேட்டிருக்கிறேன். உன்னை அடக்கம் செய்த அன்று நம் முதுகுக்குப் பின்னால் பேசியவர்களும் படிக்கட்டும்.

தங்கவயலில் சுரங்கத்தை மூடிய வருஷம்தான் உன் கம்பெனி உன்னை ஸ்பெயினுக்கு அனுப்பியது. அப்பா அந்தச் சுரங்கத்தூசியில் நெஞ்சு கெட்டு, அதற்கு முன்பே போய்விட்டார். உனக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்ததும் நாம் மூன்று பேரும் பிரேசர் டவுனுக்குக் குடிவந்தோம். நான் கார்மெண்ட்ஸில் தைத்த துணியைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். மலாகா என்ற பெயர் அம்மா வாயில் நுழையவே இல்லை. கேட்பவர்களிடமெல்லாம் "மிளகா ஊர்ல இருக்கான்" என்றாள்.

உனக்குத் தண்ணீர் என்றால் பயம். பேத்தமங்கலா ஏரிக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது, மற்றப் பிள்ளைகள் எல்லாம் இறங்கி ஆட, செருப்பைக் கூடக் கழற்றாமல் கரையில் நின்றவன் நீ. அப்படிப்பட்டவன் கடலில் போய்விட்டான் என்று போனில் சொன்னபோது, வேறு யாரையோ சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாய். ஞாயிறு தவறாமல் நம்மூர் நேரம் நாலு மணிக்கு, அங்கே மதியம் பன்னிரண்டரைக்கு, உன் போன் வரும். அன்று, இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டுமா அக்கா என்று கேட்டாய். நீ வந்தால்தான் என் நிச்சயதார்த்தம் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லி வைத்திருந்தோம். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அங்கேயே கெடந்து தொலை. இனிமே போன் பண்ணாத" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் உன்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. திங்கட்கிழமை உன் ஆபீஸிலிருந்து வந்தது.

நீச்சல் தெரியாதவன் எதற்குத் தண்ணீரில் இறங்கினான் என்று கல்லறைத் தோட்டத்திலேயே ஆரம்பித்தார்கள். வேலை போய்விட்டதாம், காதலாம், என்னென்னவோ. தற்கொலை என்ற வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. மாப்பிள்ளை வீட்டாரும் அப்புறம் வரவில்லை. மற்றவர்களுக்குத் தெரியாத காரணம் எனக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன். நான்தானே தொலையச் சொன்னேன்?

ஞாயிறு நாலு மணிக்கு எப்போதாவது போன் அடிக்கும். எடுத்தால் யாரும் பேசமாட்டார்கள். இரைச்சல் மட்டும் கேட்கும். பிளாங்க் கால், லைன் கோளாறு என்று அம்மா சொல்வாள். நான் வைக்காமல் பிடித்துக்கொண்டே இருப்பேன். நீயாடா?

உன் சூட்கேஸை அம்மா திறக்க விடவில்லை. இந்த வருஷம் அவள் ஊருக்குப் போயிருந்தபோது திறந்தேன். சட்டைகளுக்கு நடுவில் கேமரா, அதற்குள் கழுவாத ஃபிலிம். ஸ்டூடியோவில் கொடுத்துவிட்டு இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒற்றைக் கோபுரம் வைத்த பெரிய கோயில், மலைமேல் கோட்டை, கலங்கலாக ஒரு குகை, பிறகு கடற்கரைகள். கடைசிப் படத்தில் நீ. இடுப்பளவு தண்ணீரில், ஈரத் தலையோடு, கண்ணை இடுக்கிச் சிரிக்கிறாய். உன்னை யாரோ எடுத்திருக்கிறார்கள். யார்?

எங்கள் கம்பெனி பார்சிலோனாவில் எங்கள் துணியை வாங்கும் ஒரு பையரைப் பார்க்க நாலு பேரை அனுப்பியபோது, என்னையும் சேர்க்கச் சொல்லி மேனேஜரிடம் கெஞ்சினேன். வேலை முடிந்ததும் ஐந்து நாள் லீவு போட்டு, மலாகாவுக்குப் பஸ் ஏறினேன்.

நீ படம் எடுத்த வரிசையிலேயே போனேன். கோயிலின் இரண்டாவது கோபுரத்தைக் கட்டாமலே விட்டுவிட்டார்களாம். உள்ளே முழங்காலில் இருந்தபோது பின்வரிசையில் யாரோ இருமினார்கள், அச்சு அசலாக உன் இருமல். திரும்பவில்லை. திரும்பினால் நீயாக இருக்கமாட்டாய் என்று தெரியும். கோட்டை ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றேன். மேலேயிருந்து பார்த்தால் துறைமுகம், காளைச் சண்டை மைதானம், அதற்கப்பால் முழுக்கக் கடல். அவ்வளவு அழகாக இருக்கும் என்று நீ ஏன் போனில் சொல்லவில்லை? நான் கேட்கவில்லை, அதனாலா?

மறுநாள் நெர்ஹா ஊருக்குப் பஸ்ஸில் போய்க் குகைக்குள் இறங்கினேன். விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள். இருந்தும் அப்பா இறங்கிய இருட்டு ஞாபகம் வந்தது. உனக்கும் வந்திருக்கும். அதனால்தான் படம் கலங்கியிருக்கிறது.

மூன்றாம் நாள் கடற்கரை. பெத்ரெகாலெஹோ என்று பெயர். அழுக்குச் சாம்பல் நிற மணல். பழைய படகுகளில் மணலை நிரப்பி, அதில் தீ மூட்டி, மத்தி மீனைக் குச்சியில் வரிசையாகக் குத்திச் சுடுகிறார்கள். உன் படத்தின் ஓரத்தில் தெரியும் நீலப் படகைத் தேடி ஒவ்வொரு கடையாகப் போனேன். நாலாவது கடையில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி படத்தை வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பெயர் கார்மென். மகளுக்கு இங்கிலீஷ் தெரியும். அவள்தான் நடுவில் நின்று சொன்னாள்.

அந்தப் படத்தை எடுத்தது கார்மென். நீ சனி, ஞாயிறு தவறாமல் வருவாயாம். மீன்பிடித்து ஓய்ந்த அவள் அப்பா, உன் வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்து நீச்சல் சொல்லிக்கொடுத்தாராம். முதல் நாள் நீ அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லையாம். நாலு வாரத்தில் தனியாக மிதந்தாயாம். நன்றாகக் கற்றுக்கொண்டுதான் ஊருக்குப் போவேன், அக்காவால் நம்பவே முடியாது என்று சொன்னாயாம்.

அந்த ஞாயிறு கிழவருக்குக் காய்ச்சல். கிழக்குக் காற்று, அலை கொஞ்சம் பெரிது. இடுப்புக்கு மேல் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கினாயாம். வாட்சைக் கழற்றி கார்மெனிடம் கொடுத்து, பன்னிரண்டு அடித்ததும் கூப்பிடச் சொல்லியிருக்கிறாய்.

எதற்கு என்று கேட்டேன். மகள் அம்மாவிடம் கேட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அக்காவுக்கு போன் பண்ணணும்னாராம். கோபமா இருக்காங்க, லேட்டாக்கக் கூடாதுன்னாராம்."

அன்று கடையில் கூட்டம். கார்மென் கால் மணி நேரம் தாமதமாகக் கூப்பிட்டிருக்கிறாள். அப்போது தண்ணீரில் உன்னைக் காணோம். அவள் கணவரும் இன்னும் இரண்டு பேரும் இறங்கித் தேடி எடுத்து வந்தார்கள். எல்லாம் முடிந்திருந்தது. கிழவர் அதற்குப் பிறகு யாருக்கும் நீச்சல் கற்றுக்கொடுக்கவில்லையாம். அவரும் இறந்துவிட்டார். அந்தக் கால் மணி நேரத்துக்காக யாராவது வந்து தன்னைக் கேட்பார்கள் என்று கார்மென் நாலு வருஷமாகக் காத்திருக்கிறாள்.

நான் உன்னிடம் சொன்னதை அவளிடம் சொன்னேன். முதல் முதலாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது அங்கேதான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள்மேல் தப்பில்லை என்று எனக்கு உடனே சொல்ல முடிந்தது. அதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள இன்னும் வரவில்லை, ஆல்பர்ட்.

பிறகு செருப்பைக் கழற்றி, முழங்கால் அளவுக்கு இறங்கி நின்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், போனில் நான் சொன்னது உட்பட. பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தாமல் உரித்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன்.

"தண்ணி ஜில்லுனு இருந்துச்சா?" என்று கேட்டாள்.

முதலில் ஜில்லென்று இருந்தது, அப்புறம் பழகிவிட்டது என்றேன்.

"அவனுக்குக் குளிரே தாங்காதே" என்றாள். அப்புறம்தான் அழுதாள். உன் அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, படியில் பெண்கள் நின்றிருந்த இடத்துக்கு அவளே போனாள். நாலு வருஷமாக ஒதுங்கியே போனவள். யாரும் கேட்காமலே சொன்னாள்: "எம் பையன் அங்க நீச்சல் கத்துக்கிட்டு இருந்தான். நல்லாவே மிதப்பானாம்." அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, என் கையைப் பிடித்து நடந்தாள்.

நீ எப்படிப் போனாய் என்று யார் கேட்டாலும், இனி குரலைத் தாழ்த்தாமல் சொல்வேன். இது சத்தியம்.

உன்னோடு சண்டை போட்ட, உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
உன் அக்கா,
பிலோமினா