வெறும் வயிற்றுக் காலைகள்

செப்டம்பர் 8, திங்கள்

இன்றும் அதே கதை. மகள் ரொட்டியின் ஓரத்தைக் கொறித்தாள். பாலில் உதட்டை நனைத்தாள். "போதும்ப்பா." அவ்வளவுதான், எழுந்துவிட்டாள்.

ஆறு வயது. சின்ன உடம்பு என்பதால் குருவி என்று கூப்பிட ஆரம்பித்தோம். தீனியிலும் குருவியாகவே ஆகிவிடுவாள் என்று யார் கண்டது?

இவள் அம்மா நர்ஸ். காலை ஷிஃப்ட், விடியும் முன்பே கிளம்பிவிடுவாள். எனக்கு அச்சகத்தில் வேலை தொடங்கத் தாமதமாகும் என்பதால் காலைப் பொழுது முழுக்க என் பொறுப்பு. எழுப்புவது, குளிப்பாட்டுவது, தலை வாருவது எல்லாம் கைவந்துவிட்டன. வகிடு மட்டும் கோணல், அதற்குத் தனியாகத் திட்டு வாங்குகிறேன். இந்தத் தட்டு மட்டும்தான் எனக்கு வசப்படவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

"என்ன சாப்பிட்டா?" என்று ராத்திரி மனைவி கேட்டாள்.

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

நான் சட்டையை மாற்றப் போய்விட்டேன். அவளும் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முட்டை பொரித்துக் கொடுத்தேன். தொடவில்லை. கெஞ்சினேன், கதை சொன்னேன், கடைசியில் கன்னத்தைப் பிடித்து ஊட்டினேன். பிடித்து என்று எழுதுவது பொய். அழுத்தினேன். வாயைத் திறக்க வைத்தேன். அவள் அழவில்லை, கண் மட்டும் தளும்பியது. அப்புறம் எல்லாமே சீருடை மேல் வந்துவிட்டது. வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறது. நான் வேறு சட்டையைத் தேடுகிறேன். நடுவில் நின்றுகொண்டு அவள் சொல்கிறாள், "ஸாரிப்பா."

அவளா ஸாரி சொல்ல வேண்டும்? நானல்லவா சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா — இல்லை. "சீக்கிரம், சீக்கிரம்" என்றுதான் சொன்னேன்.

செப்டம்பர் 13, சனி

லீவு நாள். ரொட்டிக்கு மேல் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டாள். பாலை மடமடவென்று குடித்துவிட்டு மீசையோடு சிரித்தாள்.

"பாத்தீங்களா, நான் குடுத்தா சாப்பிடறா" என்றாள் மனைவி. விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

செப்டம்பர் 16, செவ்வாய்

மிஷின் ஓடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பள்ளியிலிருந்து, குருவியின் வகுப்பு டீச்சர். "சார், பதறாதீங்க. காலைல லைன்ல நின்னுட்டிருந்தா, அப்படியே சரிஞ்சுட்டா." பதறாதீங்க என்று சொன்ன பிறகு பதறாமல் இருந்தவர் யார்?

பள்ளிக்குப் பக்கத்தில் இருந்தது மனைவி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிதான், அங்கேயே கொண்டுபோயிருந்தார்கள். நான் போய்ச் சேரும்போது குருவியின் கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. மனைவி யூனிஃபார்மோடு கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள், ஏதோ வேறு நோயாளியைப் பார்க்க வந்தவள் மாதிரி விறைப்பாக.

"காலைல என்ன சாப்பிட்டா?" என்று கேட்டார் டாக்டர்.

மனைவி என்னைப் பார்த்தாள்.

"கொஞ்சம் பால்."

"உடம்புல சர்க்கரையும் இல்ல, தண்ணியும் இல்ல. வீட்ல யார் பாத்துக்கறீங்க?"

"நான்தான்" என்றேன்.

வெளியே வராந்தாவில் இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள். "நர்ஸ் பிள்ளைக்கே..." என்று ஒருத்தி ஆரம்பித்து, எங்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். முழுசாகவே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

திரும்பும்போது பஸ்ஸில் குருவி என் மடியில் தூங்கிவிட்டாள். மனைவி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள், "நான் வேலைய விட்டுடறேன்."

"வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்கிட்டதத்தான் பாத்தேனே."

செப்டம்பர் 17, புதன்

வீட்டில் இன்று வாய் திறந்தது குக்கர் மட்டும்தான்.

செப்டம்பர் 18, வியாழன்

டாக்டர் சொன்னபடி குருவிக்கு இரண்டு நாளாக ஓய்வு. வீட்டில் இருந்தால் இவள் வேறு பிள்ளை. முட்டை, பழம், பால், எல்லாம் உள்ளே போகிறது. "வேற என்னப்பா இருக்கு?" என்று வேறு கேட்கிறாள். இன்று காலையும் அப்படித்தான், பாதி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு ஸ்கூல் போலாமா?" என்றேன்.

கால் நின்றது. கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் மெதுவாகத் திருப்பி வைத்தாள். அடுத்தவர் பொருளை எடுத்துவிட்டவள் மாதிரி.

அப்படியானால் கோளாறு வயிற்றில் இல்லை. என் கையிலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னவோ இருக்கிறது. என்ன அது? யாராவது அடிக்கிறார்களா? கேட்டால் தலையைத் தலையை ஆட்டுகிறாள். யார் மேலும் புகார் இல்லை. பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

பாதி நாள் லீவு போட்டுவிட்டு வீட்டு வாசலில் வேனுக்குக் காத்திருந்தேன். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்ததே இல்லை, சாயங்காலம் மனைவியின் பொறுப்பு. வேனிலிருந்து இறங்கிய குருவி என்னைப் பார்க்கவே இல்லை. பையை வாசலிலேயே போட்டாள். ஷூவோடு ஒரே ஓட்டம், நேராக பாத்ரூமுக்கு.

சமையலறையிலிருந்து மனைவி சத்தம் போட்டாள். "ஷூவக் கழட்டிட்டுப் போடி. தினமும் இதே வேலை."

"தினமுமா?" என்றேன்.

அவள் கரண்டியோடு வெளியே வந்தாள். இரண்டு பேரும் மூடிய கதவைப் பார்த்தோம். அவள் முகம் மாறியது. அம்மா முகம் போய் நர்ஸ் முகம் வந்தது.

குருவி வெளியே வந்ததும் தரையிலேயே உட்கார்ந்துகொண்டோம். மனைவி அவள் ஷூவைக் கழற்றியபடி சாதாரணமாகக் கேட்டாள், "ஸ்கூல்ல பாத்ரூம் போறதில்லையா கண்ணு?"

கழற்றிய ஷூவின் லேஸை விரலில் சுற்றினாள். அப்புறம், "அந்தக் கதவு திறக்காது."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. பள்ளி திறந்த புதிதில் ஒருநாள் இடைவேளையில் போயிருக்கிறாள். தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. கதவைத் தட்டியிருக்கிறாள். மணி அடித்து எல்லோரும் வகுப்புக்குப் போய்விட்டார்கள். "நான் கூப்பிட்டேன், கூப்பிட்டேன், யாருமே வரல." கடைசியில் கூட்ட வந்த அக்கா இழுத்துத் திறந்துவிட்டிருக்கிறாள். வகுப்புக்குப் போனால் டீச்சர், "இவ்ளோ நேரம் எங்க விளையாடிட்டு வர்ற?" என்று கேட்க, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

"ஏன்டா எங்ககிட்ட சொல்லல?" என்றேன்.

"நான்தான் கண்டுபிடிச்சுட்டேனே."

"என்ன கண்டுபிடிச்ச?"

"சாப்பிட்டா வரும். சாப்பிடலன்னா வராது. தண்ணி குடிக்கலன்னாலும் வராது."

கணக்குக்கு விடை சொல்வது போலச் சொன்னாள். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் கழுவும் சத்தம் வரவில்லை, தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று பெரியவர்களைத்தான் சொல்வார்கள். வீடு கட்டுவதற்கோ பிள்ளை படிப்பதற்கோ அப்படிச் செய்வார்கள். இவள் ஒரு தாழ்ப்பாளுக்காக. நான் அந்த வாயைப் பிடித்துத் திறந்தேன். திறந்தேனே, பாவி.

செப்டம்பர் 20, சனி

துணி மடித்துக்கொண்டிருந்தபோது மனைவி சொன்னாள், "உங்க மேல தப்பில்லங்க. நானுந்தான் தினமும் பாத்தேன். ஷூவத்தான் திட்டிட்டிருந்தேன்."

செப்டம்பர் 22, திங்கள்

இருவரும் குருவியோடு பள்ளிக்குப் போனோம். அவளை வகுப்பில் விட்டுவிட்டுத் தலைமையாசிரியை அறையில் உட்கார்ந்தோம். நடந்ததைச் சொன்னேன். அவர் வகுப்பு டீச்சரையும் கூப்பிட்டனுப்பினார்.

"இதுவரைக்கும் ஒரு கம்ப்ளைன்ட்கூட வரலியே" என்றார் தலைமையாசிரியை.

நான் வாயைத் திறக்கும் முன் மனைவி பேசிவிட்டாள். குரலை உயர்த்தவே இல்லை. "ஆறு வயசுப் பிள்ளைக்குக் கம்ப்ளைன்ட் பண்ணத் தெரியாது மேடம். பட்டினி கெடக்கத்தான் தெரியும்."

வகுப்பு டீச்சர் சின்னப் பெண். முகம் வெளுத்துவிட்டது. "நான் அப்படிக் கேட்டேன், ஞாபகம் இருக்கு" என்றாள். அப்புறம், "சார், என் கிளாஸ்ல பாதிப் பேர் காலைல சாப்பிடாமதான் வர்றாங்க. லேட்டா எழுந்திரிக்கறாங்கன்னு நெனச்சிட்டேன்."

எங்களையும் தலைமையாசிரியையையும் வகுப்பு வாசலில் நிறுத்திவிட்டு அவள் உள்ளே போனாள். பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தாள்.

"டீச்சர் ஒண்ணு கேப்பேன். யாரையும் திட்ட மாட்டேன். ஸ்கூல் பாத்ரூமுக்குப் போகப் பயமா இருக்குன்னு யார் யார் போகாம இருக்கீங்க?"

ஒரு கையும் எழவில்லை. நாம் தப்பாகப் புரிந்துகொண்டோமோ? அப்போது முன் வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் குழந்தை, காதைச் சொறிவது போலக் கையைத் தூக்கிக் காதோரமே நிறுத்தினாள். அதைப் பார்த்து இன்னொன்று. அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பிறகு கொத்துக் கொத்தாக. கை தூக்காதவர்களை எண்ணுவது சுலபம் என்று ஆகிவிட்டது.

குருவி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். மனைவி தலையசைத்தாள். கடைசியாக எழுந்தது அவள் கை.

பின்னால் தலைமையாசிரியை வாட்ச்மேனைக் கூப்பிடும் குரல் கேட்டது. "அந்தத் தாழ்ப்பாளெல்லாம் கழட்டிடுங்க. மத்தியானம் இல்ல. இப்பவே."

செப்டம்பர் 25, வியாழன்

வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். இடைவேளையில் டீச்சரே பக்கத்தில் நிற்கிறாளாம். ஆனாலும் இன்று காலை ரொட்டி ஓரம், பால் துளி, "போதும்ப்பா."

சரி என்று தட்டை எடுத்துவிட்டேன். கதவிலிருந்து கழற்றியதை நெஞ்சிலிருந்தும் கழற்ற ஸ்க்ரூ டிரைவரா இருக்கிறது? மறுபடி விழுந்துவிட்டால்?

வேலையை விடுவது பற்றி மனைவி பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த எண்ணத்தை விட்டுவிட்டாளா, தள்ளிப்போட்டிருக்கிறாளா?

செப்டம்பர் 29, திங்கள்

ஒரு பழம், முழுசாக. வேறெதுவும் இல்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

சாயங்காலம் அச்சகத்துக்கு போன். மனைவி. என்னவோ ஏதோ என்று ஓடிப் போய் எடுத்தேன். மிஷின் சத்தத்தில் காதில் விழவில்லை, இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

"நடந்து வந்தா" என்றாள். "வேன்லேர்ந்து எறங்கி, மெதுவா, நடந்து வந்தா."

அக்டோபர் 8, புதன்

தன் தட்டைக் காலி செய்துவிட்டு என் தட்டைப் பார்த்தாள். "அந்த முட்டை உங்களுக்கு வேணுமாப்பா?"

வேண்டாம் என்றேன். எடுத்துக்கொண்டாள். ரொட்டியையும் எடுத்துக்கொண்டாள். எனக்கு மிஞ்சியது டீ.

வேலைக்கு நடுவில் பசி வயிற்றைக் கிள்ளியது. தாள் அடுக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து ஃபோர்மேன் கேட்டார், "என்னய்யா, தனியா சிரிச்சிட்டிருக்க?"

"காலைல சாப்பிடலண்ணே" என்றேன்.